தேவையில்லாமல் வாங்கிக்கொண்டே இருக்கிறேன், நிறுத்த முடியவில்லை: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் நான் ஆசிரியை. சில வருஷங்களுக்கு முன்னால் போனைப் பார்த்துப் பார்த்துப் பொருள் வாங்கும் பழக்கத்தில் சிக்கி, கடன்பட்டு, மெதுவாக மீண்டு வந்தவள். அதை மறைக்காமல் பேச ஆரம்பித்த பிறகு, பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பெண்களும், என்னிடம் படித்துவிட்டுக் கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளும், ஒன்றிரண்டு அப்பாமாரும் வந்து கேட்ட கேள்விகள்தான் இவை. நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் போக வேண்டிய இடம் எது என்பதையும் கீழே சொல்லியிருக்கிறேன்.

சேலை, செருப்பு வாங்குவது எல்லோருக்கும் பிடிக்கும். எப்போது அது பிரச்சினை ஆகிறது?

தீபாவளிக்கு இரண்டு சேலை எடுப்பதும், சம்பளத்தன்று பிள்ளைக்கு ஒரு விளையாட்டுச் சாமான் வாங்குவதும் பிரச்சினையே இல்லை. வாங்கியதை வீட்டில் மறைக்கிறீர்களா, விலையைக் குறைத்துச் சொல்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். கடைக் கொப்பிக்கும் (கடையில் கடனாக எழுதி வாங்கும் மாதச் சாமான் கணக்கு) டியூஷனுக்கும் வைத்த காசு அதில் போகிறதா? நிறுத்த வேண்டும் என்று முடிவெடுத்து, ஒரு வாரம் கூடத் தாங்காமல் போயிருக்கிறதா? வாங்கியதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வைத்திருக்கிறீர்களா?

என் கதையைச் சொல்கிறேன். தீபாவளிக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கக் கட்டிலை நகர்த்தினோம். அடியிலிருந்து பதினொரு பார்சல் வந்தது. சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பை, மேலே கறுப்பு மார்க்கரில் என் பெயர். ஒன்றும் பிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஒன்றைக் கிழித்துப் பார்த்தார். உள்ளே மகளுக்கு வாங்கிய வெள்ளைச் சப்பாத்து. அவள் ஆசையாகக் காலை விட்டுப் பார்த்தாள், போகவில்லை. வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதமும் அவள் பழைய சப்பாத்தோடுதான் பள்ளிக்கூடம் போனாள்.

“பொம்பளைக்கு ஆசை அடங்காது” என்று வீட்டில் சொல்கிறார்கள். இதுவும் ஒரு நோயா என்ன?

ஜெர்மனிய மனநல மருத்துவர் எமில் கிரெபெலின் நூறு வருஷத்துக்கு முன்பே இதை ஓனியோமேனியா என்ற பெயரில் எழுதியிருக்கிறார். 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய் வகைப்பாட்டில், உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத கோளாறுகளுக்கு ஒரு உதாரணமாக இது சொல்லப்பட்டிருக்கிறது. பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 5 வீதம் பேருக்கு இது இருக்கலாம் என்று கணித்தது.

ஆண்களுக்கும் வருகிறது. அவர்கள் வாங்குவது போன், ஸ்பீக்கர், மோட்டார் சைக்கிள் சாமான் என்று இருப்பதால் அதை யாரும் ஆசை என்று சொல்வதில்லை. “தேவைக்குத்தானே வாங்கினான்” என்று விட்டுவிடுகிறோம்.

நம் பக்கத்தில் இது ஏன் இப்போது இவ்வளவு கண்ணில் படுகிறது?

நான் பல இரவு யோசித்த கேள்வி இது. கடைக்கும் நமக்கும் நடுவில் இருந்த தூரம் போய்விட்டது என்பதுதான் எனக்குத் தோன்றும் முதல் காரணம்.

என் அம்மா கொழுந்து எடுத்தவர். பத்தாம் தேதி சம்பளம். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் டவுனுக்குப் போவார். லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்க முக்கால் மணி நேரம், பஸ்ஸுக்குக் காத்திருக்க இன்னொரு முக்கால் மணி. கடையில் ஏதாவது கண்ணைப் பறித்தாலும், இதையும் தூக்கிக்கொண்டு ஏற்றம் ஏற வேண்டுமே என்ற நினைப்பு வந்துவிடும். அரிசி, மா, பருப்பு, கருவாடு, எங்களுக்கு ஒரு பிஸ்கட் பக்கெட், அதோடு பை நிறைந்துவிடும். அந்த ஏற்றம் அம்மாவின் கைக்காசுக்கு ஒரு காவலாக இருந்தது. அம்மாவுக்கும் ஆசை இருந்தது. ஆசைக்கும் கடைக்கும் நடுவில் ஒரு மலை இருந்தது.

இப்போது இரவு பத்து மணிக்குப் போர்வைக்குள்ளேயே கடை திறந்திருக்கிறது. லைவில் ஒரு அக்கா சேலையை விரித்துக் காட்டி, “இது ஒன்னுதாம்மா இருக்கு” என்கிறார். நம்பரைப் போட்டால் போதும், நாலு நாளில் பார்சல் தோட்டத்து ரோட்டுக்கே வந்துவிடும்.

இரண்டாவது, இல்லாமையின் ஞாபகம். 1973, 74 பஞ்சத்தைப் பார்த்த தாத்தாமாரும் அப்பாயிமாரும் நம்மை வளர்த்தார்கள். அவர்கள் வீட்டில் வெற்று டின்னைக்கூட வீசமாட்டார்கள். அதை மறக்கிற நேரத்தில் 2022 பொருளாதார நெருக்கடி வந்தது. அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டி ஒரு வருஷத்தில் ஏறத்தாழ 70 வீதம் ஏறியிருந்தது. மா விலை ஏறி, ரொட்டியை எண்ணிச் சுட்ட நாட்கள் அவை. இன்று விட்டால் நாளைக்குக் கிடைக்காது, கிடைத்தாலும் இந்த விலைக்குக் கிடைக்காது என்ற பயம் நம் உடம்பில் இருக்கிறது. “கடைசி 3 மட்டும்” என்ற வரியைப் பார்த்ததும் அந்தப் பயம்தான் எழும்புகிறது.

மூன்றாவதைப் பேசக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. கொழும்பில் புடவைக்கடையில் நிற்கும் என் பழைய மாணவி ஒருத்தி சொன்னாள்: “டீச்சர், பார்த்தவுடனே தோட்டத்துப் புள்ளன்னு தெரியக் கூடாது. அதுக்காகத்தான் வாங்குறேன்.” அவள் சம்பளத்தில் பாதி உடுப்புக்கும் முகக் கிரீமுக்கும் போகிறது. அவளிடம் சிக்கனம் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. அவளை அப்படிப் பார்த்த கண்கள் உண்மையாகவே இருக்கின்றன. ஆனால் எவ்வளவு வாங்கினாலும் அந்தக் கண்களுக்குப் போதாது. அதை அவளே ஒரு நாள் சொன்னாள், நான் சொல்லவில்லை.

வாங்கும்போது அவ்வளவு சந்தோஷம். பார்சல் வந்ததும் ஏன் வெறுத்துப் போகிறது?

மூளையில் டோபமைன் என்ற இரசாயனம் பெரும்பாலும் எதிர்பார்ப்பின்போதுதான் வேகமாக வேலை செய்கிறது. தேடுவது, தெரிவு செய்வது, ஓர்டர் போடுவது, வழியில் வருகிறது என்ற மெசேஜைப் பார்ப்பது, இவைதான் இனிப்பு. பொருள் கைக்கு வரும்போது அது முடிந்துவிடும். என் பதினொரு பார்சலும் பிரிக்காமல் கிடந்ததற்கு இதுதான் காரணம் என்று பின்னால்தான் விளங்கியது.

எதற்காக வாங்குகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

நாற்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். ஆசை வரும் ஒவ்வொரு முறையும், வாங்கினாலும் வாங்காவிட்டாலும், நேரம், பொருள், விலை, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். கடைசி விஷயம்தான் முக்கியம். என் கொப்பியில் இருந்து மூன்று வரி:

ஞாயிறு இரவு 9.40. குடை, 1,850. அக்கா போன் எடுக்கவில்லை.
புதன் மாலை 5.15. சட்டித் துணி செட், 990. அதிபர் எல்லார் முன்னாலும் பேசிவிட்டார்.
ஞாயிறு இரவு 10.20. மகளுக்கு ஜாக்கெட், 3,200. ஒன்றும் நடக்கவில்லை. வீடு அமைதியாக இருந்தது.

மூன்று வாரம் எழுதியதும் தெரிந்தது, பாதிக்கு மேல் ஞாயிறு இரவு. அம்மா உயிரோடு இருந்தபோது ஞாயிறு இரவுதான் நாங்கள் போனில் பேசுவோம். அவர் போன பிறகு அந்த நேரத்தில் என் கை போனை எடுத்துக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் கடைக்குப் போயிருக்கிறது. இதை எழுதும்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.

உங்களுக்கு வேறாக இருக்கும். மலையில் கங்காணி திட்டிய நாள், அரைப்பேர் போட்ட நாள் (அரை நாள் சம்பளம்தான் எழுதுவார்கள்), வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்த இரவு, வெளிநாட்டில் இருக்கும் அம்மாவிடமிருந்து போன் வராத வாரம். காரணம் தெரியாமல் பட்ஜெட் போட்டால் அது இரண்டு மாதம் தாங்காது. நான் போட்டுப் பார்த்தவள்.

அந்த நேரத்தில் கை தானாகப் போகிறது. என்ன செய்வது?

ஆசை அலை மாதிரி. எழும்பும், உச்சிக்குப் போகும், பிறகு தானே இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். அதோடு சண்டை போட வேண்டாம். “வந்துட்டியா, சரி, இரு” என்று விட்டுவிட்டு, அந்த அரை மணியைக் கடத்த வேண்டும். கடத்துவதற்குக் கைக்கு வேலை வேண்டும். சும்மா உட்கார்ந்து மனதை அடக்கப் பார்த்தால் தோற்றுப்போவோம்.

இந்தப் பக்கத்தில் வேலை செய்ததாக நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன். ஒரு அக்கா பீலிக்கு (மலைத் தண்ணீர் விழும் குழாயடி) போய்க் குளிர்ந்த தண்ணீரில் முகம் கை கால் கழுவிவிட்டு வருவார். அந்தக் குளிர் ஆளையே எழுப்பிவிடும் என்பார். இன்னொருவர் வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி போஞ்சியும் லீக்ஸும் போட்டார், மாலையில் கை துறுதுறுத்தால் களை பிடுங்குவார். ஒரு பையன் தப்பு மேளம் அடிக்கப் பழகுகிறான். தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) இரவு வேலை செய்யும் ஒருவர், போனைத் தூங்கும் இடத்திலிருந்து எடுத்து இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) ஆணியில் மாட்டிவிட்டார். சார்ஜர் வயரையும் அங்கேயே கொண்டுபோய்விட்டார்.

என் வழி வேறு. ஞாயிறு ஒன்பதரைக்கு ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொண்டு, பக்கத்து வீட்டுச் சித்தியிடம் போய் உட்காருவேன். அவர் அம்மாவின் கூட்டாளி. இருவரும் ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர்கள். அம்மா பற்றி எனக்குத் தெரியாத கதை அவரிடம் இன்னும் இருக்கிறது. பத்தே கால் ஆகும்போது ஆசை எங்கே போனதென்றே தெரியாது. உங்களுக்கு எது குறைகிறதோ, அதையே அந்த நேரத்தில் கொஞ்சமாவது கொடுக்கப் பாருங்கள். பேச ஆள் இல்லாததால் வாங்குகிறவருக்கு உடற்பயிற்சி பெரிதாக உதவாது.

ஒரு எச்சரிக்கை. சில பேர் வாங்குவதை விட்டுவிட்டு வெற்றிலையும் இனிப்பும் கூட்டிவிடுகிறார்கள். ஆண்கள் என்றால் சாராயம். அந்தப் பக்கம் போக வேண்டாம்.

போனை விட்டுவிட முடியாதே. பிள்ளைகளின் பாடமும் அதில்தான் வருகிறது.

விட வேண்டாம். கடைச் செயலிகளை அழியுங்கள். சேமித்து வைத்திருக்கும் அட்டை இலக்கத்தை நீக்குங்கள், ஒவ்வொரு முறையும் அட்டையை எடுத்துப் பதினாறு இலக்கத்தையும் அடிக்க வேண்டி வரட்டும். சேலைக் குழு, சாமான் குழு எல்லாவற்றிலிருந்தும் வெளியேறுங்கள். குழுவை நடத்துபவர் தெரிந்தவராக இருந்தால், “அக்கா, இந்த வருஷம் வாங்குறதில்லன்னு இருக்கேன், குறை நினைக்காதீங்க” என்று ஒரு மெசேஜ் போட்டால் போதும். பெரிய டேட்டா பொதிக்குப் பதிலாகச் சின்னதாக ரீலோட் செய்யுங்கள். இரவில் டேட்டா முடிந்துபோவது நல்லதுதான்.

உண்மையாகவே தேவை எது, ஆசை எது? அந்த நேரத்தில் எல்லாமே தேவையாகத்தான் தெரிகிறது.

தெரியத்தான் செய்யும். அதனால் அந்த நேரத்தில் முடிவெடுக்காதீர்கள். கொப்பியின் பின்பக்கத்தில் பொருளையும் விலையையும் தேதியையும் எழுதி, அடுத்த பத்தாம் தேதிக்குத் தள்ளுங்கள். பத்தாம் தேதி சம்பளம் வந்து, செலவெல்லாம் பிரித்து வைத்த பிறகு, பகல் வெளிச்சத்தில் அந்தப் பக்கத்தை வாசியுங்கள். முதல் மாதம் நான் பதினான்கு பொருள் எழுதியிருந்தேன். பத்தாம் தேதி அதில் இரண்டுதான் வாங்கினேன். ஐந்து பொருள் எதற்காக எழுதினேன் என்றே ஞாபகம் இல்லை. அம்மாவுக்கு மலை தந்த தூரத்தை நான் தேதியால் திரும்பப் போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

மருந்து, பிள்ளையின் பரீட்சைச் சாமான், ஓட்டை விழுந்த தகரத்துக்கு மாற்று, இவற்றுக்கு இந்த விதி கிடையாது.

சம்பளம் வந்த அன்றே பாதி போய்விடுகிறது. எங்கள் வருமானத்துக்குப் பட்ஜெட் எல்லாம் சரிவருமா?

சரிவரும். குறைந்த வருமானத்துக்குத்தான் அது இன்னும் அவசியம். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபா ஆனது, 2024இல் 1,350 ஆனது. ஆனால் பேர் கிடைக்கிற நாள், அதாவது சம்பளத்துக்கு எண்ணும் வேலைநாள், மாதத்துக்கு மாதம் மாறும், மழைக்காலத்தில் குறையும். அதனால் நல்ல மாதத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். போன ஆறு மாதத்தில் எந்த மாதம் மிகக் குறைவோ, அதை அடியாக வையுங்கள். கூட வருவது கடனுக்கும் சேமிப்புக்கும் போகட்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டின் கணக்கைச் சொல்கிறேன். மனைவி கொழுந்து எடுக்கிறார். சேமலாப நிதி, சங்கச் சந்தா, முற்பணம் எல்லாம் கழிந்து கைக்கு 24,000. வீட்டுக்காரர் கொழும்பில் ஹோட்டலில் வேலை, அனுப்புவது 26,000. மொத்தம் 50,000. அவர்கள் பிரித்தது இப்படி: கடைக் கொப்பி 21,000. பிள்ளைகளின் டியூஷன், பஸ், பாடசாலைச் செலவு 8,000. பழைய கடன் தவணை 6,000. கரண்ட், கேஸ், ரீலோட் 5,000. சீட்டு 5,000. மருந்தும் விசேஷமும் 3,000. கடைசியாக விருப்பக் காசு 2,000, ஆளுக்கு ஆயிரம்.

அந்த அக்கா இதை எழுதி மட்டும் வைக்கவில்லை. பழைய பால்மா டின் ஏழு எடுத்து, மகனின் கொப்பித் தாளில் பெயர் எழுதி ஒட்டினார். படிக்கத் தெரியாத மாமியாருக்கும் விளங்கட்டும் என்று மருந்து டின்னில் மாத்திரைப் படம், பஸ் டின்னில் சக்கரம். சம்பளம் வந்ததும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் காசு டின்னுக்குள் போய்விட வேண்டும் என்பது அவர் விதி. அந்த ஒரு மணி நேரத்தில் போனைத் தொடமாட்டார். அடுப்பு மேட்டில் டின்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் போடும்போது பெயரைச் சத்தமாகச் சொல்வார். மாமியார் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு டின்னிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் மாமியார் கேள்வி கேட்பார்.

விருப்பக் காசு எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். அதை வெட்டாதீர்கள். ஒரு சதமும் தனக்கென்று இல்லாமல் மனிதர் எத்தனை நாள் இருக்க முடியும்? முழுக்க அடைத்து வைத்தவர்கள் மூன்றாம் மாதம் உடைத்துக்கொண்டு பத்தாயிரத்துக்கு வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆயிரத்துக்குக் கணக்குக் கேட்கக் கூடாது, வீட்டுக்காரரும் கூட.

சேமிக்கிற காசைத் தபாற்கந்தோரில் தேசிய சேமிப்பு வங்கிக் கணக்கில், புத்தகத்தோடு மட்டும் போடுங்கள். அட்டை வேண்டாம். எடுக்க வேண்டுமென்றால் நடந்து போய், வரிசையில் நின்று, கையெழுத்துப் போட வேண்டும். நடக்கிற நேரத்தில் மனம் மாறும்.

மூன்று தவணையில் கட்டலாம், வட்டி இல்லை என்கிறார்கள். அது நல்லதுதானே?

கணக்கை விரித்துப் பாருங்கள். 7,200 ரூபா பொருள் ஒன்று, தவணை 2,400. சின்னதாகத் தெரிகிறது. அதே மாதம் அப்படி நாலு பொருள் வாங்கினால் அடுத்த மாதம் 9,600 கட்ட வேண்டும், அதற்கடுத்த மாதமும் 9,600. தவணை தவறினால் தாமதக் கட்டணம் வேறு. இந்தப் பழக்கம் உள்ளவருக்கு விலையைத் துண்டு துண்டாகக் காட்டுவது ஆபத்து.

கடனட்டை இன்னும் மோசம். 60,000 பாக்கி, வட்டி வருஷத்துக்கு 26 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத வட்டி மட்டும் 1,300. குறைந்தபட்சத் தொகை என்று 3,000 கட்டினால் அந்தப் பாக்கியில் குறைவது 1,700தான்.

கடன் ஏற்கனவே ஏறிவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுவதிலிருந்து. கடைக் கொப்பி, அடகு, குழுக்கடன், அட்டை, தவணை, அக்காவிடம் கைமாற்று, எல்லாம். ஒவ்வொன்றுக்கும் நேரே பாக்கி, வட்டி, கட்ட வேண்டிய தேதி. எழுத மூன்று நாள் எடுத்தாலும் பரவாயில்லை. எனக்கு ஐந்து நாள் எடுத்தது. ஒவ்வொரு எண்ணை எழுதும்போதும் எழுந்து போய்விடுவேன். வங்கி, நிதி நிறுவனக் கடன் எது எது இருக்கிறது என்று சந்தேகமாக இருந்தால் கிரிப் எனப்படும் கடன் தகவல் பணியகத்திலிருந்து உங்கள் அறிக்கையை நீங்களே பெறலாம்.

பிறகு, வட்டி கூடியதை முதலில் அடைப்பது கணக்குப்படி சரி. ஆனால் குழுக்கடனைத் தனியாகப் பாருங்கள். நீங்கள் தவறினால் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் தலையில் விழும், வாராவாரம் முகம் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள். அதைத் தவறவிடாதீர்கள். அடகு நகைக்கு மீட்கும் கடைசித் தேதியைப் பெரிதாக எழுதி வையுங்கள்.

ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்காதீர்கள். கட்ட முடியாத மாதம் வருமென்று தெரிந்தால், தேதி வருவதற்கு முன்னால் நேரே போய்ச் சொல்லுங்கள். தேதி போன பிறகு சொல்வதைவிட அதற்கு மரியாதை உண்டு.

நம் கொள்ளுத்தாத்தாமாரைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டது ஒரு கடன் சீட்டு. துண்டு என்பார்கள். யாருக்கு எவ்வளவு கடன் என்று எழுதிய துண்டோடுதான் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியும், 1921ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழிக்கும்வரை. என் பாக்கித் தாளை எழுதி முடித்த இரவில் அந்த ஞாபகம்தான் வந்தது. எனக்குக் கோபம் வந்தது, அந்தக் கோபம் உதவியது.

சீட்டுப் போடலாமா?

தெரிந்தவர்கள், சின்னத் தொகை, எழுத்தில் கணக்கு என்றால் போடலாம். எடுக்கும் காசு எதற்கு என்று முதலே முடிவு செய்யுங்கள். முடிவில்லாமல் கைக்கு வரும் ஐம்பதாயிரம், இந்தப் பழக்கம் உள்ளவர் கையில் ஒரு வாரம் தங்காது. நீங்கள் சீட்டுப் பிடிப்பவராக இருக்க வேண்டாம்.

வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது? அடிப்பாரோ என்று பயமாக இருக்கிறது.

அடிக்கும் ஆள் என்றால் தனியாகச் சொல்ல வேண்டாம். முதலில் நம்பிக்கையான ஒருவரிடம், அண்ணனோ மாமியாரோ ஆசிரியரோ, சொல்லி, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். உங்கள் பாதுகாப்பு கடனைவிடப் பெரிது.

மற்றவர்கள், சாப்பிட்ட பிறகு, குடிக்காத நாளில், அந்தத் தாளைக் கையில் கொடுத்துச் சொல்லுங்கள். நான் சொன்னது இதுதான்: “என்னங்க, ஒரு விஷயம் மறைச்சுட்டேன். மொத்தம் இவ்வளவு. நானே கட்டுறேன், இப்படித்தான் கட்டப் போறேன். நீங்க என்கூட இருந்தா போதும்.” அவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில், “கடைக் கொப்பிய நான் பாத்துக்கிறேன், நீ மத்ததப் பாரு” என்றார். முழுத் தொகையையும் ஒரே தடவையில் சொல்லுங்கள். பாதி சொல்லி, பிறகு மீதி வெளியே வந்தால் அப்புறம் யாரும் நம்பமாட்டார்கள்.

என் மகன் கொழும்பில் வேலை. கடன்மேல் கடன். நான் அடைத்துக் கொடுக்கலாமா?

சும்மா அடைத்துக் கொடுத்தால் ஆறு மாதத்தில் திரும்ப வரும். அவன் தன் பாக்கித் தாளை உங்கள் முன்னால் எழுதட்டும். அவசரமான ஒன்றை மட்டும், நேரே கடன் கொடுத்தவரிடம் கட்டுங்கள், மகன் கையில் காசாகக் கொடுக்காமல். திட்டுவதைக் குறையுங்கள் அண்ணே, வெட்கம் கூடினால் வாங்குவதும் கூடும். “ஏன்டா வாங்கினே” என்பதற்குப் பதிலாக “அங்க எப்படிடா இருக்கே, சாப்பிட்டியா, யார்கூட இருக்கே” என்று கேட்டுப் பாருங்கள்.

தீபாவளி, சடங்கு, கோயில் திருவிழா வந்தால் என்ன செய்வது?

தீபாவளி முற்பணம் இலவசக் காசு இல்லை, பின்வரும் மாதங்களில் சம்பளத்தில் பிடிப்பார்கள். எடுப்பதற்கு முன்னாலேயே அந்தக் கழிவைப் பட்ஜெட்டில் எழுதுங்கள். டவுனுக்குப் பட்டியலோடு, அளவான காசோடு, அட்டையில்லாமல், கூட ஒருவரோடு போங்கள். பசியோடு போகாதீர்கள். சடங்குக்கு ஊரார் என்ன சொல்வார்கள் என்ற பயத்தில் செய்யும் செலவு தனிக் கதை, அதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு தொகைக்குள் முடிவு செய்ய வேண்டும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

இரண்டு மூன்று மாதம் இதையெல்லாம் செய்தும் பிடி கிடைக்கவில்லை என்றால் போங்கள். தூக்கம் போய், எதிலும் மனம் ஒட்டாமல், அழுகையாகவே இருந்தால் அதற்கு முன்னாலேயே போங்கள். இந்தப் பழக்கத்தோடு மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்தே வருவது உண்டு, அவற்றுக்குச் சிகிச்சை இருக்கிறது. எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்துப் பார்க்கும் பேச்சுச் சிகிச்சை இதற்கு உதவுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். இதுவரை அப்படி இல்லாத ஒருவர் திடீரென்று தூங்காமல், நிறையப் பேசி, பெரிய பெரிய திட்டம் சொல்லி, காசை வாரி இறைத்தால் அது இருதுருவ நோயின் எழுச்சியாக இருக்கலாம். பாக்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகளும் சிலருக்கு இப்படி வாங்கும் வெறியை உண்டாக்கும். மருந்தை நீங்களாக நிறுத்தாமல், கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நுவரெலியா, பதுளை, கண்டி அரச ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு உண்டு, காசு இல்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம். கடனை நினைத்து உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இப்போதே அந்த இலக்கத்தை அழையுங்கள், பக்கத்தில் இருப்பவரையும் எழுப்புங்கள்.

நாலு மாதம் நன்றாக இருந்தேன். நேற்று திரும்ப வாங்கிவிட்டேன்.

நானும் வாங்கியிருக்கிறேன். “எப்படியும் கெட்டுப்போச்சு” என்று அடுத்ததை வாங்கப் போகாதீர்கள். கொப்பியில் எழுதுங்கள், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று பாருங்கள், வீட்டில் அன்றே சொல்லுங்கள். அனுப்புவதற்கு முன்னால் ரத்துச் செய்ய முடிந்தால் செய்யுங்கள். வாசலுக்கு வந்த பிறகு காசில்லை என்று திருப்பினால் பார்சலைச் சுமந்து ஏறிவந்த பையனுக்கும் விற்றவருக்கும் நட்டம், அதையும் நினையுங்கள்.

வாங்கிக் குவித்த சாமான்களை என்ன செய்வது?

பிரிக்காததைத் திருப்ப முடியுமா என்று முதலில் கேளுங்கள், நாள் கடந்திருக்காவிட்டால் சில கடைகள் எடுத்துக்கொள்ளும். மற்றதைத் தெரிந்தவர்களுக்கு விற்று, அந்தக் காசை அப்படியே கடன் டின்னில் போடுங்கள். பாதி விலைதான் கிடைக்கும், மனம் வலிக்கும். அந்த வலியோடே விற்றுவிடுங்கள், வைத்திருந்து பயனில்லை. எனக்குப் பதினொரு பார்சலில் ஆறு விற்றது, 8,400 ரூபா கிடைத்தது. மூன்றை வீட்டில் பாவிக்கிறோம். ஒன்றை அக்காவின் மகள் சடங்குக்குக் கொடுத்தேன்.

வெள்ளைச் சப்பாத்தை விற்கவில்லை. கீழ் லயத்தில் முதலாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை ஒன்றுக்குக் கொடுத்தேன். அவள் அம்மா வாங்கமாட்டேன் என்று இரண்டு தடவை மறுத்து, பிறகு ஒரு பை கரட் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் எடுத்துக்கொண்டார். காலையில் பள்ளிக்கூடத்துக்கு இறங்கும்போது அந்தப் பிள்ளை எனக்கு முன்னால் போகும். குறுக்குப் பாதையில் சேறு இருக்கிற இடத்தில் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும்.